ஒரு துண்டு ரொட்டியே எமனாகும் தீவு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலக் கரையை ஒட்டிச் சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது ஒரு மணல் தீவு. உலகிலேயே பெரிய மணல் தீவு இதுதான். வெறும் மணலில் வானளாவிய மரங்கள் வளர்ந்திருக்கின்றன. நன்னீர் ஏரிகளும் உண்டு. 1992-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. பிரேசர் தீவு என்றிருந்த பெயர் 2023-ல் மாற்றப்பட்டு, பூர்வகுடிகளான புட்சுல்லா மக்கள் வழங்கிய 'கரி' என்ற பெயரே அதிகாரபூர்வமாயிற்று.

தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்கா. கடற்கரையில் கூடாரமடித்துத் தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மணலில் ஓடக்கூடிய நான்கு சக்கர இயக்க வண்டிகள்தான் அங்கு செல்லும்.

காட்டு நாய்

இத்தீவின் முக்கியப் பிராணி 'டிங்கோ' என்னும் காட்டு நாய். 3,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த இனம். இது குரைப்பது அபூர்வம், ஊளையிடும். வீட்டு நாயின் கலப்பும் நோயும் வந்துவிடக் கூடாது என்பதற்காக, வளர்ப்பு நாய்களைத் தீவுக்குள் கொண்டுவரத் தடை உண்டு.

பார்க்கச் சாதுவாக இருக்கிறதே என்று உல்லாசப் பயணிகள் தின்பண்டம் போட்டுப் பழக்கினார்கள். மனிதரிடம் அதற்கு இருந்த அச்சம் போயிற்று. கேட்டுப் பெற்றது போய், மிரட்டிப் பறிக்கத் துணிந்தது. 2001 ஏப்ரல் 30 அன்று, வாடி பாயிண்ட் முகாம் அருகே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை டிங்கோக்கள் கடித்துக் கொன்றன. அதையடுத்து அரசு உத்தரவின் பேரில் சுமார் 30 டிங்கோக்கள் கொல்லப்பட்டன. ஆசையாகப் போட்ட தீனி இரு தரப்புக்கும் எமனாயிற்று.

கண்டிப்பான விதிகள்

இன்று டிங்கோவுக்கு உணவளித்தால் கடும் அபராதம். சாப்பாடு, குப்பை, மீன் தூண்டில் இரை, ஏன், பற்பசையைக்கூடக் கூடாரத்தில் வைக்கக் கூடாது. பூட்டிய வண்டிக்குள் வைக்க வேண்டும். குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். குழந்தைகளோடு வருபவர்கள் வேலியிட்ட முகாம்களில் தங்குவது நல்லது. தனியாக நடக்கக் கூடாது. கையில் கம்பு வேண்டும். டிங்கோ நெருங்கினால் ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும். நிமிர்ந்து நின்று, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி, உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

துணிந்து மனிதரைத் தாக்கும் டிங்கோ கடைசியில் கொல்லப்படக்கூடும். ஆகவே, எட்ட நின்று பார்த்துவிட்டு, மிஞ்சிய உணவைத் திரும்ப எடுத்து வருவதே அந்தப் பிராணிக்குச் செய்யும் உபகாரம்.