கேட்டதொன்று, காட்டுவதொன்று



பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரம். நம் பள்ளியில் நான்காம் ஆண்டு பயிலும் மாணவன் ஒருவனின் தாயார், செம்பனைக் காட்டில் வேலை முடிந்த கையோடு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் நம்மைக் காண வந்தார்.

"சார், கணக்கு விளையாட்டு ஏத்திக் குடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பையன் தேடுனது கணக்கு. கடை காட்டுனது காசு சுத்துற விளையாட்டு. போன்ல போட்ட பத்து வெள்ளியும் போச்சு சார்!"

கோபம் கடையின்மேலா, நம்மேலா என்று அவருக்கே விளங்கவில்லை. நமக்கும் உறுத்தத்தான் செய்தது. சொன்னவர்கள் நாம்தானே.

கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தோம். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையைத் திறந்தவுடன் 'உங்களுக்காக' என்ற தலைப்பின்கீழ் வரிசையாகப் படங்கள். சீட்டாட்டம், சுழலும் காசுச் சக்கரம், துப்பாக்கிச் சண்டை, மறுபடியும் சீட்டாட்டம். பத்து வயதுப் பிள்ளைக்கு இவை எப்படி வந்து சேர்ந்தன என்பதையே இன்று காண்போம்.

பழைய தோட்டத்துக் கடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பற்று எழுதிச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று தீர்ப்போம். அப்பா பையனை அனுப்பிப் புகையிலை வாங்கி வரச் சொல்வார். கடைக்காரரும் புத்தகத்தில் 'புகையிலை' என்று எழுதிக்கொள்வார். மறுநாள் அதே பையன் வந்து நின்றால், "தம்பி, புதுப் புகையிலை வந்திருக்கு, வேணுமா?" என்று கேட்பாரா? மாட்டார். மிட்டாய்ப் போத்தலைத்தான் திறப்பார். அவர் புத்தகத்தையும் பார்க்கிறார்; எதிரில் நிற்கும் முகத்தையும் பார்க்கிறார்.

இணையக் கடையில் நமக்குப் பொருளை எடுத்துக் காட்டுவது கணினி. அதற்குத் தெரிந்தது பற்றுப் புத்தகம் ஒன்றுதான். அந்த வீட்டில் கைத்தொலைபேசி ஒன்று. கடையில் பதிந்த பெயரும் ஒன்று, தகப்பனாருடையது. இரவில் அவர் சீட்டாடுகிறார். மாலையில் அண்ணன் துப்பாக்கி சுடுகிறான். இடையில் தம்பி பெருக்கல் வாய்பாடு தேடுகிறான். கணினியின் பார்வையில் இவர்கள் மூவரும் ஒரே ஆள்! நால்வர் ஒரு கைத்தொலைபேசியைப் பகிர்ந்துகொள்வது குற்றமன்று. வருமானம் இடங்கொடுப்பது அவ்வளவே. ஆளுக்கொரு கருவி இருக்கும் வீடுகளை மனத்தில் வைத்தே இந்தக் கடைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது நம் எண்ணம்.

சரி, கணினி எப்படி ஊகிக்கிறது? ஒருவர் கருத்தைக் கொண்டு இன்னொருவருக்கு வேண்டியதைப் பொறுக்கித் தரலாம் என்ற முறையை, அமெரிக்காவில் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தினர், வந்து குவியும் மின்னஞ்சல்களைப் பிரிப்பதற்காகக் கையாண்டு, 1992-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதன் வழிவந்ததே இன்றைய பரிந்துரை. சீட்டாடிய பலர் காசுச் சக்கரமும் சுற்றியிருந்தால், சீட்டாடிய உங்களுக்கும் சக்கரத்தைக் காட்டு, அவ்வளவுதான் கணக்கு. சக்கரம் நல்லதா, பிள்ளைக்கு ஏற்றதா என்ற கேள்வி இந்தக் கணக்கில் வருவதில்லை.

இப்படியொரு ஏற்பாடே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் என்ற இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். மேசைக் கணினிக்கான விளையாட்டுகளை விற்பது அது. 2024-இல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 50. எந்த மனிதர் உட்கார்ந்து பார்த்து முடிப்பார்? ஆகவே 2019-இல் அந்நிறுவனம் புதிய பரிந்துரை முறை ஒன்றைச் சோதனைக்கு விட்டது. யார் எதை எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பதிலிருந்தே அது கற்றுக்கொண்டது. எது எந்த வகை விளையாட்டு என்று அதற்குச் சொல்லித் தரவில்லை. யாருமே ஆடிப் பார்க்காத புத்தம் புதிய விளையாட்டை இம்முறையால் பரிந்துரைக்க இயலாது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

நேரத்தைக் கொண்டு விருப்பத்தை அளப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. விளையாட்டை ஓடவிட்டுத் தூங்கிப் போனாலும் அது ஆடிய நேரமாகவே ஏறக்கூடும். பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு மர நிழலில் படுத்தவருக்கும் ஒரு நாள் பேர் விழுவதைப் போலத்தான்.

இவையெல்லாம் அறியாமையால் வரும் பிழைகள். ஆனால், காசு கொடுத்து முன்னால் நிறுத்தப்படும் பொருள்களும் அதே வரிசையில் கலந்து நிற்கின்றன. படத்தின் அருகே 'ஸ்பான்சர்ட்' என்றோ, மலாயில் 'டித்தாஜா' என்றோ பொடி எழுத்தில் இருந்தால், அது விளம்பரம். பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை முதலில் காட்டிக் கொடுங்கள். பெருக்கல் வாய்பாட்டுக்கு அடுத்தபடியாக இதையும் வகுப்பில் கற்பிக்க வேண்டும் என்று நாம் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறோம்.

பிள்ளைகள் விவரமறியாமல் அழுத்தி, பெற்றோர் பணம் போவது நம் தோட்டத்தில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் இத்தகைய புகார்களின் பேரில் 2014-இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டாலரும், கூகள் நிறுவனம் குறைந்தது 1 கோடியே 90 இலட்சம் டாலரும் திருப்பித் தர இணங்கின.

நம் வீட்டில் செய்யக்கூடியது என்ன? பற்றுப் புத்தகத்தைப் பிரிப்பதுதான் முதல் வேலை. பிள்ளைக்குத் தனிப் பெயரில், அவன் உண்மையான வயதைக் கொடுத்துப் பதிந்து, அதைத் தாய் தந்தையரின் பதிவோடு இணைக்க வழியுண்டு. கூகள் ப்ளே கடையில் 'பெற்றோர் கட்டுப்பாடு' என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஓர் இரகசிய எண் வைத்து, எந்த வயதுக்குரிய விளையாட்டுகள் வரை அனுமதிப்பது என்று குறிக்கலாம். பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படியும் செய்யலாம். அந்தச் சொல் பிள்ளையின் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம்; நம் மாணவர்கள் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள். ஸ்டீம் கடையிலோ, வேண்டாத விளையாட்டைத் தள்ளிவைக்க ஒரு பொத்தான் உண்டு. நாம் அழுத்தும் ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதும் அந்தப் புத்தகத்தில் ஒரு வரியாக ஏறுகிறது.

அந்த மாணவனுக்குத் தனிப் பதிவு செய்து கொடுத்தோம். வேண்டிய விளையாட்டின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தோம். அவன் பெயரைத் தட்டித் தேடி, நேரே அதை எடுத்துக்கொண்டான். பரிந்துரை வரிசையை அவன் பார்க்கவே இல்லை. பத்து வெள்ளி திரும்பவில்லை. தாயார் கடைக்கு எழுதிய விண்ணப்பத்துக்குப் பதிலை எதிர்பார்த்திருக்கிறார்.

போன வாரம் அவன் பதிவில் திடீரென்று மீன் பிடிக்கும் விளையாட்டுகளாக வந்து நின்றனவாம். விசாரித்தால், பாட்டிக்கு முட்டிவலி. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல், பேரன் பள்ளியிலிருக்கும் நேரத்தில் அவன் பெயரில் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.