ஈரலின் எல்லையை யார் வரைவது?

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கடலோரக் குப்பத்தில் தலசீமியா என்ற பிறவி ரத்தச்சோகை கடுமையாக உள்ள குழந்தை ஒன்று இருந்தால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதற்கு ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளே போகிறது. உடம்பு தானாகக் கழிப்பதோ நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். மிச்சம் முதலில் கல்லீரலில் படிகிறது, பிறகு இதயத்தைப் பிடிக்கிறது. இரும்பை இறக்கும் மாத்திரைகள் உண்டு. குறைத்துக் கொடுத்தால் இரும்பு தங்கிவிடும். கூடிப்போனால் மருந்தே சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஆகவே தங்கிய இரும்பின் அளவு சரியாகத் தெரிய வேண்டும்.

ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற, இரும்பைச் சேமிக்கும் புரதத்தைப் பார்த்தால் போதாதா? அது மலிவான சோதனை, கைவிடக் கூடாததும்கூட. ஆனால் ஒரு தொற்றுக் காய்ச்சல் வந்தாலே அந்த எண் ஏறிவிடும். எம்.ஆர்.ஐ. ஈரலையே பார்க்கிறது. மில்லிசெகண்ட் இடைவெளியில் அடுத்தடுத்து எடுக்கும் படங்களில், இரும்பு மிகுந்த ஈரல் வேகமாகக் கறுக்கும். அந்த வேகத்திலிருந்து, ஒரு கிராம் உலர் ஈரலில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று கணக்கிடலாம். 15-ஐத் தாண்டினால் ஆபத்து. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. ரேடியாலஜிஸ்ட் மவுஸால் ஈரலின்மேல் ஒரு வட்டம் போடுகிறார். வட்டத்துக்குள் ரத்தக்குழாய் மாட்டினால் எண் குறையும். நுரையீரல் ஓரத்துக் காற்றை ஒட்டினால் கூடும். போன வருடம் ஒருவர் போட்ட வட்டமும் இந்த வருடம் இன்னொருவர் போட்டதும் வேறு என்றால், மாறியது இரும்பா, வட்டமா?

இதற்குத்தான் கணினியை ஈரலின் எல்லையை வரையச் சொல்கிறோம். ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2015-இல் பிறந்த யூ-நெட் போன்ற முறைகள், மருத்துவர்கள் வரைந்த படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன; குழாய்களை ஒதுக்கி, முழு ஈரலையும் நொடிகளில் பிரித்துக் காட்டுகின்றன. ஒரே படத்தை நூறு முறை கொடுத்தாலும் கோடு மாறாது. ஆனால் மாறாத கோடு தவறான கோடாகவும் இருக்கலாமே என்பார்கள். நியாயமான கேள்வி. இரும்பு முற்றிய ஈரல் படத்தில் கன்னங்கரேலென்று கிடக்கும், விளிம்பே தெரியாது. அப்போது, அதிகம் கறுக்காத முதல் படத்தில் எல்லையை வரையவைக்கலாம். வரைந்ததைத் திரையில் பார்த்து மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே எண் அறிக்கைக்குப் போக வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் கற்ற மென்பொருளை நம் குழந்தைகளின் படங்களில் சோதிக்காமல் நம்பவும் கூடாது.

அந்தச் சோதனையை இங்கேயே தொடங்கலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. மையங்களை நடத்திவருகிறது. ரத்தம் ஏற்றும் ஊரிலேயே ஈரலின் இரும்பையும் அளந்து சொல்லும் ஏற்பாட்டை, செங்கல்பட்டு போன்ற மருத்துவமனைகளிலிருந்து அரசு தொடங்கிவைக்க வேண்டும்.