தொடுதிரைக் கருவி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மருந்து தெளிக்கும் டிரோன், டிராக்டரின் வழிகாட்டும் கருவி, பம்புசெட்டை இயக்கும் பெட்டி எனப் பண்ணைக் கருவிகள் பலவும் இப்போது தொடுதிரையுடன் வருகின்றன. கடையில் விரலுக்கு உடனே பணியும் திரை, வயலில் ஈரக்கைக்குப் பணியாமல் போவதுண்டு. ஓடும் கருவியை நிறுத்த வேண்டிய நேரத்தில் இப்படி நேர்ந்தால் மருந்து வீணாகும், ஆளுக்கும் ஆபத்து. காரணத்தை அறிந்துகொண்டால் பார்த்து வாங்கலாம்.

இருவகைத் திரைகள்

முதல் வகை, அழுத்தினால் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரை. மேலே வளையக்கூடிய பிளாஸ்டிக் தகடும் கீழே கண்ணாடியும் இருக்கும். இரண்டின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும் பூச்சு உண்டு. அழுத்தும் இடத்தில் இவை ஒன்றையொன்று தொடுவதால் அந்த இடம் தெரிகிறது. நகம், குச்சி, கையுறை எதனால் அழுத்தினாலும் வேலை செய்யும். ஆனால் சாதாரணமாக ஒரு சமயத்தில் ஒரு விரலைத்தான் அறியும். கூரிய பொருள் பட்டால் கீறல் விழும்.

இரண்டாவது, செல்போனில் உள்ள கெப்பாசிட்டிவ் திரை. விரல் பட்டவுடன் கண்ணாடியின் அடியில் உள்ள மின்னேற்றம் மாறுவதைக் கொண்டு இடத்தை அறிகிறது. மெல்லத் தொட்டாலே போதும். பல விரல்களையும் அறியும். ஆனால் தண்ணீரும் இம்மின்னேற்றத்தை மாற்றும். ஆகவே மழைத்துளியை விரல் என்று எடுத்துக்கொள்வதுண்டு. தடித்த ரப்பர் கையுறைக்குள் இருக்கும் விரல் இதற்குத் தெரிவதில்லை.

சைகையை அறிவது எப்படி?

விரல் இருக்கும் இடத்தைத்தான் திரை சொல்லும். அதற்குப் பொருள் காண்பது கருவியின் உள்ளே இருக்கும் இயக்க மென்பொருள். தொட்டவுடன் விரலை எடுத்தால் அது 'தட்டல்'. ஏறத்தாழ அரை விநாடி அசையாமல் வைத்திருந்தால் 'நீண்ட அழுத்தம்'. விரல் நகர்ந்தால் 'இழுத்தல்'. இரு விரல்களுக்கு இடையே உள்ள தூரம் கூடினால் படம் பெரிதாகும், குறைந்தால் சிறிதாகும்.

குலுங்கும் டிராக்டரில் விரல் சற்று நழுவினாலும் தட்டலை இழுத்தல் என்று மென்பொருள் கொள்ளக்கூடும். பொத்தான் பெரிதாக இருந்தால் விரல் தவறி வேறு இடத்தில் படுவது குறையும்.

பழைய கருவிகள்

சிறு கருவிகளுக்காக மைக்ரோசாப்ட் 1996-ல் வெளியிட்ட விண்டோஸ் சி.இ., குச்சியால் தட்டி இயக்குவதை மனதில் கொண்டு அமைந்தது. விரல் சைகைகளுக்கான வசதி 2009-ல் வந்த 6.0 ஆர்3 பதிப்பில் சேர்ந்தது; பல விரல் வசதி 2011-ல் வந்த 7-ஆம் பதிப்பில் வந்தது. லினக்ஸிலும் பல விரல் தொடுகைக்கான பொது முறை 2009-ல்தான் ஏற்பட்டது. எனவே பழைய பெட்டியில் இரு விரலால் படம் பெரிதாகவில்லை என்றால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் சி.இ. வரிசையின் கடைசிப் பதிப்புக்கு நிறுவனம் தந்த ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய கருவியை மலிவாகக் கேட்கும்போது, மென்பொருள் கெட்டால் சரிசெய்து தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது

1. நிறுத்தும் விசை திரைக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். இதுவே முதல் நிபந்தனை.

2. முக்கிய வேலைகள் எல்லாம் ஒரே தட்டலில் முடிய வேண்டும். இரு விரல் சைகை வரைபடம் பார்க்க மட்டும் இருந்தால் போதும்.

3. ஈர விரலாலும், மருந்து தெளிக்கும்போது அணியும் கையுறையுடனும் இயக்கிப் பார்க்கவும். கையுறையைக் கழற்றினால்தான் திரை பணியும் என்றால், அது மருந்தடிக்கும் வேலைக்கு ஏற்றதல்ல.

4. வெயிலில் கொண்டுபோய் எழுத்து தெரிகிறதா எனப் பார்க்கவும்.

பராமரிப்பு

திரையை நிறுத்திய பின், ஈரம் பிழிந்த மென்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். ரெசிஸ்டிவ் திரையில் தொட்ட இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறொன்று என்றிருந்தால், திரையைச் சீரமைக்கும் பகுதிக்குச் சென்று, காட்டப்படும் குறிகளை வரிசையாகத் தொட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கெப்பாசிட்டிவ் திரை தொடாமலே தானாக இயங்கினால், முதலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும். சார்ஜரில் மாட்டியிருந்தால் கழற்றிப் பார்க்கவும். தரமற்ற சார்ஜரின் மின் இரைச்சலாலும் இது நேரும். கையுறைக்கான அமைப்பு இருந்தால், மழையில் அதை அணைத்து வைப்பது நல்லது. தடித்த பாதுகாப்புத் தாள் ஒட்டினால் தொடுகை மந்தமாகும்.

திரையின் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்காமல், வயலில் நம் கை இருக்கும் நிலையில் இயக்கிப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.