பழைய கிராபிக்ஸ் கார்டு... எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் சுமார் 40 கி.மீ.தான். பரணில் தூங்கும் பழைய கம்ப்யூட்டருக்கு உதிரிபாகம் தேட, ஓசூர்க்காரர்களுக்கு அது எட்டும் தூரம். ஆனால், ‘படமே வரலை’ என்று கிராபிக்ஸ் கார்டைக் காயலான் கடையில் போட்டுவிட்டால் போனது போனதுதான்.

1996-ல் வந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பொருத்தினால் திரை இருட்டாகவே இருக்கும். அது பழுதல்ல! முப்பரிமாண விளையாட்டுகளுக்கு மட்டுமான கார்டு அது. மற்ற நேரத்தில் படம் காட்ட இன்னொரு கார்டும், இரண்டையும் இணைக்க ஒரு கேபிளும் வேண்டும்.

எந்த கார்டு என்று கண்டுபிடிப்பது எப்படி?
சிப் மீதுள்ள எழுத்தைப் பாருங்கள். அழிந்திருந்தால், விண்டோஸ் எக்ஸ்பி டிவைஸ் மேனேஜரில் ‘வெண்டார் ஐடி’யைத் தேடுங்கள். 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏடிஐ, 121ஏ என்றால் த்ரீடிஎஃப்எக்ஸ்.

கோளாறு எங்கே?
மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கார்டின் தங்கநிற விளிம்பை ரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். ஃபேன் இருந்தால் சுற்றுகிறதா, கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மாற்ற வேண்டும்.

வேகம் கூட்டலாமா?
இதெல்லாம் சரியான பிறகுதான் ஓவர்கிளாக். வூடூவின் இயல்பு வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். ஒன்றிரண்டாகக் கூட்டுங்கள். திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தால் உடனே குறையுங்கள். த்ரீடிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்குவதாக என்விடியா அறிவித்தது 2000 டிசம்பரில். இனி புது வூடூ வராது. ஆசைக்கு வேகம் கூட்டிச் சிப்பைக் கருக்கிவிட்டால், எஸ்.பி. ரோட்டிலும் புதுசு கிடைக்காது!