சிறைவாழ் சிம்பன்ஸிகள்

பல்லை இளித்து நகைப்பது போலத் தோன்றும் சிம்பன்ஸியின் முகத்தைத் திரைப்படங்களிலும் வாழ்த்துச் சீட்டுகளிலும் நம்மிற் பலர் கண்டிருப்பர். கண்டு நாமும் நகைத்திருப்போம். ஆயின் அவ்விலங்கு உண்மையில் மகிழ்ந்து விளையாடுங்கால், வாயைத் தளரத் திறந்து, மேற்பற்களை உதட்டால் மறைத்தே வைத்துக்கொள்ளும். இரு வரிசைப் பற்களும் ஈறும் தெரிய இளிப்பது பெரும்பாலும் அச்சம் மேலிட்ட போதிலேயாம். அஞ்சி நடுங்கும் ஓர் உயிரின் முகத்தை மகிழ்ச்சியின் அடையாளமென நாம் கொண்டாடி வந்தோம் என்பதை அறிந்த நாள் முதலாக, இவ்விலங்கு கூண்டினுள் எவ்வாறு வாழ்கின்றது என்பதை ஆராய வேண்டுமென்னும் அவா எமக்கு எழுந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். குரங்கு, முசு, ஊகம் என்னும் மூன்றன் பெண்ணும் மந்தி எனப் பெயர் பெறும் என்று தொல்காப்பிய மரபியல் கூறும். சிம்பன்ஸியோ அம்மூன்றனுள் யாதும் அன்று, வாலற்றது, ஆப்பிரிக்கக் காடுகளுக்கே உரியது. நம் முன்னோர் கண்டறியாத விலங்கிற்கு அவர் நூல்களிற் பெயர் தேடுதல் வீணாதலின், யாம் பிறமொழிப் பெயரையே ஆள்கின்றோம்.

லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1926-ஆம் ஆண்டு முதல் 1972 வரை சிம்பன்ஸிகளின் தேநீர் விருந்து நடைபெற்றது. குட்டிகளை மேசையைச் சூழ அமர்த்திக் கோப்பையும் தட்டும் கொடுத்து மக்கள் கண்டு களித்தனர். இதனினும் பெருங்கொடுமை புகழ் என்னும் போர்வையில் நிகழ்ந்தது. காமரூனில் 1957-இற் பிறந்து, பிடிபட்டு, அமெரிக்காவிற்குக் கொண்டுவரப்பட்ட ஹாம் என்னும் குட்டி, விளக்கு ஒளிரும்போது நெம்புகோலை இழுக்குமாறு பழக்கப்பட்டது. சரியாக இழுத்தால் வாழைப்பழ உருண்டை. தவறினால் உள்ளங்காலில் மின்னதிர்ச்சி. 1961 ஜனவரி 31-ஆம் நாள் ஏவுகணையில் வைத்து விண்ணுக்கு அனுப்பப்பட்டு, பதினாறு நிமிடங்களுக்கு மேற்பட்ட பயணத்தின் பின் அது உயிருடன் கடலில் வந்து இறங்கியது. செய்தித்தாள்கள் வெளியிட்ட அதன் இளிப்பை மக்கள் வெற்றிப் புன்னகை என்றனர். அது எத்தகைய இளிப்பு என்பதை இனி யாம் விளக்க வேண்டா. 1963 முதல் 1980 வரை வாஷிங்டன் நகரக் காட்சிச் சாலையில் ஹாம் தன்னந்தனியே வைக்கப்பட்டிருந்தது. பின்னர் வட கரோலினாவில் தன் இனத்தாரோடு சேர்க்கப்பட்டு, மூன்றாண்டும் நிரம்பாமுன், 1983-இல் மாண்டது.

வேளாவேளைக்கு உணவும் மருத்துவமும் கிடைத்தனவே, தனிமையால் என்ன குறை என்று வினவுவாரும் உளர். காட்டில் அதன் வாழ்க்கை எத்தகையது என்று அறிந்தாலன்றி இவ்வினாவிற்கு விடை தோன்றாது. சிம்பன்ஸிக் குட்டி நான்கைந்து ஆண்டுகள் தாய்ப்பால் உண்ணும். அதன் பின்னும் நெடுங்காலம் தாயைப் பிரியாது. பல பத்து உறுப்பினர் கொண்ட சமுதாயம் பகற்பொழுதிற் சிறு சிறு குழுக்களாகப் பிரிவதும் மீண்டும் கூடுவதுமாக இருக்கும். மாலைதோறும் ஒவ்வொன்றும் மரக்கிளைகளை வளைத்துப் புதிய படுக்கை சமைக்கும். இக்கலையைக் குட்டி தாயின் அருகிருந்தே பயிலும். டாங்கனீக்காவின் கோம்பே என்னும் இடத்தில் 1960-இல் ஜேன் குடால் அம்மையார், புல்லின் தாளைப் புற்றினுள் செலுத்திக் கறையான் பிடித்துண்ணும் சிம்பன்ஸியைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். பகலின் பெரும்பகுதியை உணவு தேடுவதிலும், உறவினர் உடலைக் கோதிவிடுவதிலும், பூசலிலும், பூசல் தீர்ப்பதிலும் கழிக்கும் உயிருக்கு, நான்கு சுவர்களும் ஒரு தட்டு உணவும் எவ்வாறு போதும்?

போதாமையின் அறிகுறிகள் கண்கூடானவை. உடலை முன்னும் பின்னும் ஓயாது ஆட்டுதல், தன் மயிரைத் தானே பிடுங்குதல், தன் மலத்தைத் தானே உண்ணல் முதலியன அவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள ஆறு நிலையங்களில் 40 சிம்பன்ஸிகளைக் கூர்ந்து நோக்கி 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், அந்நாற்பதில் ஒன்றேனும் இத்தகைய நடத்தையின்றிக் காணப்படவில்லை. அவை தனித்து அடைக்கப்பட்டவை அல்ல, கூட்டமாக வாழ்பவை என்பதே எம்மை மிகவும் திகைப்பித்தது. அங்ஙனமாயின் துணை மட்டும் கிடைத்தாற் போதாது போலும்.

வேறு என்ன வேண்டும்? இதற்கு ஹாலந்து தேசத்து ஆர்ன்ஹெம் நகரிலுள்ள காட்சிச் சாலை ஓரளவு விடை பகர்கின்றது. 1971-இல் அங்கே அகழி சூழ்ந்த ஒரு தீவில் பெருங்கூட்டமொன்றைக் குடியேற்றினர். மரங்களின் பட்டையை உரித்துவிடாதிருக்க அவற்றின் அடியில் மின்கம்பி சுற்றினர். சிம்பன்ஸிகளோ, நீண்ட உலர்ந்த கிளைகளை ஏணியாகச் சாத்தி, ஒன்று பிடித்துக்கொள்ள மற்றொன்று ஏறி, தழையை ஒடித்துக் கீழிருப்பவற்றிற்கும் போட்டன! 1975-இல் அங்கு வந்த பிரான்ஸ் டி வால் என்னும் ஆராய்ச்சியாளர், சண்டையிட்ட இரண்டு, சிறிது நேரத்திற்குள் ஒன்றையொன்று நாடி முத்தமிட்டுத் தழுவிச் சமாதானமாவதைக் கண்டு எழுதினார். குளிர்காலத்தில் எல்லாவற்றையும் கட்டடத்தினுள் அடைத்தபோது பூசல்கள் மிகுந்தன. ஆயினும் இரு மடங்கேனும் ஆகவில்லை. ஒன்றையொன்று கோதிவிடுதலும் உடன் மிகுந்ததாம். நெருக்கடியைப் பொறுத்துக்கொள்ள அவை தாமே வழி தேடின என்க.

அத்தீவைச் சுவர்க்கம் என்று எண்ணிவிடலாகாது. 1980-இல் ஓர் இரவு லூயிட், நிக்கி, யெரூன் என்னும் மூன்று ஆண்களும் இரவுக் கூட்டில் இருந்தன. தலைமைக்காக நெடுநாள் போட்டியிட்டவை அவை. விடிந்து பார்த்தபோது லூயிட் குருதி வெள்ளத்திற் கிடந்தது. மருத்துவர் முயன்றும் அன்றே மடிந்தது. காட்டிலும் ஆண்கள் ஒன்றையொன்று கொல்வதுண்டு. ஆயின் அங்கே தோற்றது ஓடி மறைய இடமுண்டு. விலக்கிவிடப் பெண்கள் வருதலும் உண்டு. பூட்டிய கதவினுள் இரண்டும் இல்லை. விலகிச் செல்லும் உரிமையும் துணையைப் போலவே இன்றியமையாதது என்று யாம் கருதுவது இதுபற்றியே.

மற்றொரு நிகழ்ச்சி எம் நெஞ்சை விட்டு அகலாதது. அக்கூட்டத்திற் கைஃப் என்னும் பெண்ணுக்குப் பால் சுரவாமையால் அதன் குட்டிகள் இறந்தன. குரோம் என்பதற்குச் செவி கேளாது. ஆகவே தன் குட்டி அழுவதை அது அறியாது. 1979-இல் குரோமின் குட்டி ரூஸ்யேவை எடுத்து, பால்புட்டி கொடுக்கப் பழக்கிக் கைஃபின் கையில் ஒப்படைத்தனர். கைஃப் அதனைத் தன் மகவாகவே வளர்த்தது. பின்னர்த் தான் ஈன்ற குட்டியையும் புட்டிப் பாலாலேயே காத்தது. மனிதர் கற்பித்தது புட்டியைப் பிடிக்கும் முறையை மட்டுமே.

சட்டங்களும் மெல்ல மாறின. அமெரிக்க அரசாங்கம் மருத்துவச் சோதனைக்கென வைத்திருந்த சிம்பன்ஸிகளுள் பெரும்பாலானவற்றை ஓய்வுக்கு அனுப்புவதென 2013-இல் முடிவு செய்து, எஞ்சியவற்றையும் விடுவிப்பதென 2015-இல் அறிவித்தது. லூசியானாவிற் காட்டினிடையே அவற்றிற்கென ஒரு புகலிடம் உண்டு. ஊசிக்காகக் கையை நீட்டப் பழகியவை அங்கே புல்லை மிதிக்கப் பழக வேண்டியவாயின.

ஆர்ன்ஹெம் கூட்டத்தின் மூதாட்டியின் பெயர் மாமா. இச்சொல் நம் செவிக்கு வேறு உறவை உணர்த்தினும், அந்நாட்டு வழக்கில் அன்னையைக் குறிப்பதாம். பூசலிட்ட ஆண்கள் புகலடைவது அதனிடமே. 2016-இல், 59 வயது நிரம்பும் தறுவாயில், அது உணவு மறுத்துச் சுருண்டு கிடந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை அறிந்தவரும், எண்பது வயதை நெருங்கியவருமான பேராசிரியர் ஜான் வான் ஹூஃப் கூட்டினுள்ளே சென்றார். வளர்ந்த சிம்பன்ஸியின் கூட்டில் எவரும் நுழையத் துணியார். சிறிது நேரம் அவரை அறியாது கிடந்த மாமா, அறிந்தவுடன் உரத்துக் கூவி, நீண்ட கையை அவர் கழுத்திற் சுற்றி இழுத்து அணைத்தது. அழும் குட்டியைத் தேற்றுவதற்குத் தாய்மார் செய்வது போல, அவர் பிடரியை விரல்களால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.