கட்டற்ற மென்பொருளில் நமக்கும் ஓர் இடம்!



"ஓப்பன் சோர்ஸா? அதெல்லாம் ஐ.ஐ.டி.க்காரங்க சமாச்சாரம். நாம டிப்ளமோ தானே!" என்று நம் வகுப்பில் சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களில் நானும் ஒருவன். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம திண்டுக்கல் பூட்டுதான். ஒரு பூட்டு சரியாகத் திறக்கவில்லை என்றால் அப்பா அதைப் பிரித்து உள்ளே இருக்கும் லீவர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எது மக்கர் செய்கிறதோ அதை அரத்தால் லேசாக ராவி மறுபடியும் மாட்டுவார். பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தே தொழில் கற்றுக்கொள்வான். மென்பொருளையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று உரிமம் எழுதி, மூல நிரலோடு வெளியிட்டால் அதுதான் ஓப்பன் சோர்ஸ். வேறொன்றுமில்லை!

இது எப்படித் தொடங்கியது தெரியுமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்த இடத்தில் பிரிண்டரில் பேப்பர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டருக்கு நிரலைத் திருத்தி, சிக்கினால் தகவல் வரும்படி செய்திருந்தார். புதிய பிரிண்டர் வந்தபோது அதன் நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இன்று நம் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அந்த லினக்ஸ் கருதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பெரியப்பா மகள் அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டே கொடுத்திருந்தார்கள். சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது அது. எங்கள் தெருவில் லேப்டாப் வாங்கிய அண்ணன், அக்காக்களில் ஒருவர் கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. நிறையப் பேர் முதல் வேலையாக அழித்தே விட்டார்கள். நான் திறந்ததற்குக் காரணம் அறிவு இல்லை. விண்டோஸ் பழுதாகிவிட்டது, அவ்வளவுதான்!

ஒருநாள் அப்பாவின் போனில் இடம் நிறைந்துவிட்டது. கோப்புகளைப் பார்க்கும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். திரையைத் தமிழில் வைத்திருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "ஏப்பா, இலவசம் ரெண்டு ஜி.பி.ன்னு போட்டிருக்கானே, எங்கிட்டுப் போயி வாங்கணும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றிருப்பதை யாரோ 'இலவசம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அங்கே வரவேண்டியது 'காலி இடம்'. தப்பு அப்பா மேல் இல்லை.

அந்தச் செயலியின் மொழிபெயர்ப்புப் பகுதியில் பெயரைப் பதிந்து, சொல்லை மாற்றி, காரணத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். அனுப்பும் பொத்தானை அமுக்க இரண்டு நாள் பயம். யாராவது என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரித்தால்? யாரும் சிரிக்கவில்லை. "இதே சொல் வேறு திரையிலும் வருகிறதா, பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி மட்டும் வந்தது. தேடினேன். இன்னொரு இடத்தில் நிஜமாகவே கட்டணமில்லை என்ற பொருளில் வந்திருந்தது. ஆகவே அதை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மாற்றினோம். பதினோரு நாள் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில் அப்பாவின் போனில் 'காலி இடம்' என்று வந்தது. அப்பா "ஓ" என்று சொல்லிவிட்டுப் பழைய வீடியோக்களை அழித்தார்.

அந்த 'ஃப்ரீ' என்ற சொல்லால் ஆங்கிலக்காரர்களுக்கே தொல்லைதான். 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்றால் ஓசி என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை, 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகச் சொல்லிவிட்டார்கள்.

நிரல் எழுதத் தெரியாதே என்கிறீர்களா? மொழிபெயர்ப்பு ஒரு வழி. பிழையைத் தெரிவிப்பது இன்னொரு வழி. ஆனால் "வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எந்தப் போன், எந்தப் பதிப்பு - இவ்வளவும் வேண்டும். லேப் ரெக்கார்டு எழுதுகிற நமக்கு இது கஷ்டமா? மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்துக்குத் தமிழ் வாக்கியங்களை வாசித்துக் குரலையும் கொடுக்கலாம். நம்ம ஊர்ப் பேச்சும் கணினிக்குப் புரியட்டுமே!

நிரல் எழுதுகிறவர்கள் கிட்ஹப்பில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற அடையாளச் சீட்டைத் தேடுங்கள். புதியவர்களுக்கென்றே ஒதுக்கிய வேலைகள் அவை. திட்டத்தை 'ஃபோர்க்' செய்து நம் பக்கம் ஒரு நகல் எடுத்து, தனிக் கிளையில் திருத்தி, 'புல் ரெக்வெஸ்ட்' அனுப்ப வேண்டும். பராமரிப்பவர் படித்துப் பார்த்து, சரி என்றால் சேர்த்துக்கொள்வார். திருப்பி அனுப்பினால் கோபப்படக் கூடாது, நம்ம வைவா மாதிரிதான்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்று அக்டோபர் மாதத்தில் ஒரு விழா உண்டு. 2020-ல், நாலு புல் ரெக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்று பலர் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பினார்கள். சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். திட்டங்கள் தாமே சம்மதித்தால்தான் கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அதில் நம் நாட்டு மாணவர்கள் பெயரும் கெட்டது. ஏ.ஐ. கொடுத்த நிரலைப் புரியாமலே ஒட்டி அனுப்புவதும் இதே ரகம்தான் என்பேன்.

தமிழில் வழிகாட்ட ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. 2012-லிருந்து 'கணியம்' இணைய இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. நாம் தமிழ் தட்டச்சு செய்யும் இ-கலப்பையும் ஓப்பன் சோர்ஸ்தான். (கலப்பை என்று பெயர் வைத்தவரை எங்க அப்பத்தாவுக்கு ரொம்பப் பிடிக்கும்!) விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லித் தருகிறது. விழுப்புரத்தில் நடப்பது திண்டுக்கல்லில் நடக்காதா?

நாங்கள் நாலு பேர் சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் லேபில் உட்காருகிறோம். சாரிடம் அனுமதி வாங்கியாயிற்று. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் வரலாம். வீட்டில் பழைய அரசு லேப்டாப் கிடந்தால் எடுத்து வாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம், லேபில் ஒன்றுதான் இருக்கிறது.