செலவா, சொத்தா?

மேலாளருக்குக் கணக்கு – 9

போன வாரம் தேய்மானம் பார்த்தோம். பத்து வருஷம் ஓடப்போகிற இயந்திரத்தின் விலையை வாங்கிய வருஷமே மொத்தமாகச் செலவெழுதாமல், வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு வருவது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எது பத்து வருஷம் ஓடும் பொருள், எது இந்த மாதத்தோடு தீர்ந்துபோன செலவு என்று யார் முடிவு செய்வது? அக்கவுண்ட்ஸ்காரர்கள் என்று நினைத்திருப்பீர்கள். பில்லின் ஓரத்தில் ‘மெஷின்’ என்றோ ‘ரிப்பேர்’ என்றோ எழுதி, கையெழுத்துப் போட்டு அவர்களுக்கு அனுப்புவது நீங்கள்தானே?

இந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு வேர்ல்ட்காம் என்ற தொலைபேசி நிறுவனத்தைவிடப் பெரிய பாடம் கிடையாது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளின்டன் என்ற சிறிய ஊரில் அதன் தலைமை அலுவலகம். தலைவர் பெர்னார்ட் எப்பர்ஸ் ஒரு காலத்தில் கூடைப்பந்துப் பயிற்சியாளர், பிறகு மோட்டல் முதலாளி. கம்பெனி கம்பெனியாக வாங்கிச் சேர்த்தவர், 1998இல் எம்.சி.ஐ.யையும் வாங்கினார். ஏ.டி. அண்ட் டி.க்கு அடுத்த பெரிய தொலைதூரத் தொலைபேசி நிறுவனம் என்ற இடம் கிடைத்தது.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அழைப்பு போக, வழியில் பிற நிறுவனங்களின் இணைப்புகளையும் பயன்படுத்த வேண்டும். அதற்குக் கொடுக்கும் கட்டணம்தான் ‘லைன் காஸ்ட்’. வேர்ல்ட்காமின் ஆகப்பெரிய செலவு அதுவே. இன்டர்நெட் அலை ஓயாது என்று நம்பி, நீண்டகால ஒப்பந்தம் போட்டு இணைப்புகளை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். 2000இல் அலை வடிந்தது. இணைப்புகள் பாதி சும்மா கிடந்தாலும் வாடகை மட்டும் தவறாமல் ஓடியது. வருமானத்தில் ஏறக்குறைய 42 சதவீதம்தான் லைன் காஸ்ட் என்று வெளியே காட்டிவந்தார்கள். உள்ளே அது 50ஐத் தாண்டிக்கொண்டிருந்தது.

நிதிப் பொறுப்பாளர் ஸ்காட் சல்லிவன் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. வாடகையில் ஒரு பகுதியைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொத்துக் கணக்கில் வைத்தார். 2001இன் நான்கு காலாண்டுகளில் 77.1 கோடி, 61 கோடி, 74.3 கோடி, 93.1 கோடி டாலர்; 2002இன் முதல் காலாண்டில் இன்னொரு 79.7 கோடி. ஆக மொத்தம் 385 கோடி டாலர். 2001க்கு 140 கோடி டாலர் நிகர லாபம் என்று அறிவித்தார்கள். இந்த இடமாற்றம் இல்லையென்றால் நஷ்டம்.

சிறிய எண்களில் போட்டுப் பார்ப்போம். விற்பனை 100 கோடி, வாடகை 50 கோடி, மற்றச் செலவு 48 கோடி. லாபம் 2 கோடி. இப்போது வாடகையில் 10 கோடியைப் பத்து வருஷச் சொத்து என்று எழுதுங்கள். வாடகை 40 ஆகிறது, தேய்மானம் 1 கோடி வருகிறது, லாபம் 11 கோடி! வெளியே போன பணம் அப்போதும் 98 கோடி, இப்போதும் 98 கோடி. தேய்மானத்தைக் கழிக்காமல் பார்க்கும் எபிட்டா இன்னும் மோசம். அது 2லிருந்து 12க்குத் தாவிவிடும். போனஸை எபிட்டாவோடு கட்டிவைக்கிற முதலாளிகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

அடுத்த வருஷம் என்ன ஆகும்? பழைய 10 கோடியின் தேய்மானம் வந்து நிற்கும். லாபத்தை அதே உயரத்தில் காட்ட, புதிதாக 11 கோடியையாவது ஒளிக்க வேண்டும்.

சல்லிவனிடம் ஒரு வாதம் இருந்தது. வருமானம் எந்தக் காலத்தில் வருகிறதோ, அதற்கான செலவையும் அந்தக் காலத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டார். இணைப்பு இன்று சும்மா கிடக்கிறது, நாளை வாடிக்கையாளர் வருவார், செலவை அப்போது எழுதிக்கொள்ளலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்ச் மாத வாடகை வாங்கித் தந்தது மார்ச் மாதத்தை மட்டும்தான். ஆளே வராத கல்யாண மண்டபமானாலும் அன்றைய வாடகை அன்றோடு போயிற்று. புதிதாகத் தணிக்கைக்கு வந்த கே.பி.எம்.ஜி. இந்த வாதத்தை ஏற்கவில்லை.

“லாபத்தை நம்பாதே, காசு வரவை மட்டும் பார்” என்று நிறையப் பேர் புத்தி சொல்வார்கள். இங்கே அதுவும் பாதிதான் உதவும். காசோட்ட அறிக்கையில் தொழில் நடத்தியதில் வந்த காசு ஒரு பகுதி, சொத்து வாங்கப் போட்ட காசு இன்னொரு பகுதி. வாடகையைச் சொத்தாக்கினால் அது முதல் பகுதியிலிருந்து நழுவி இரண்டாவதில் போய் உட்கார்ந்துவிடும். தொழிலில் காசு கொட்டுவதுபோல் தெரியும். முதல் பகுதியிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுகிற எண்ணைத்தான் இந்தத் தந்திரம் தொட முடியாது. ஏனோ பலர் அந்தக் கழித்தலைச் செய்வதே இல்லை.

வேர்ல்ட்காமின் தந்திரத்தை வெளியே கொண்டுவந்தவர் அதன் உள் தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பர். சொத்துச் செலவுகளைச் சரிபார்க்கப் போன அவருடைய குழு, பெரும் தொகைகளுக்கு ஆதாரச் சீட்டே இல்லாததைக் கண்டது. தணிக்கையைத் தள்ளிப்போடச் சொன்னார் சல்லிவன்; கூப்பர் தள்ளிப்போடவில்லை. 2002 ஜூன் 25 அன்று நிறுவனமே விஷயத்தை அறிவித்தது, அடுத்த மாதம் திவால் மனு. எப்பர்ஸுக்கு 25 வருஷம், சல்லிவனுக்கு 5 வருஷம் சிறை. மேலிருந்து வந்த உத்தரவுப்படி பதிவுகளை எழுதிய இடைநிலை அதிகாரி ஒருவரும் 5 மாதம் உள்ளே இருந்தார். தொடரின் வாசகர்கள் கவனிக்க வேண்டியது அவரைத்தான்.

நம் ஊர்த் தொழிற்சாலையில் இவ்வளவு பெரிய நாடகம் நடக்காது. மார்ச் கடைசி வாரத்தில் சின்னச் சின்னதாக நடக்கும். ரிப்பேர் பட்ஜெட் தீர்ந்துவிட்டது, சொத்து வாங்க ஒதுக்கிய கேபெக்ஸ் பட்ஜெட்டில் பணம் இருக்கிறது. கம்ப்ரஸரின் வழக்கமான சர்வீஸ் பில் ‘கம்ப்ரஸர் மேம்பாடு’ என்று பெயர் மாறும். இயந்திரம் முன்பு ஓடியதுபோல் ஓடுவதற்காகச் செய்கிற அன்றாடப் பராமரிப்பு, இந்தியக் கணக்குத் தரநிலைகளின்படியும் அந்த வருஷச் செலவுதான். பெரிய பாகத்தையே மாற்றி, அதன் பலன் பல வருஷம் வரும் என்றால் சொத்தாக்கலாம்; மாற்றிய பழைய பாகத்தின் மிச்ச மதிப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவது பாதியை.

மேலாளர்கள் அதிகம் சண்டை போடும் இடம் இன்னொன்று. புது இயந்திரத்தை நிறுவும் கூலி, அதைக் கொண்டுவந்த லாரி வாடகை இரண்டும் இயந்திர விலையோடு சேரும். அதை ஓட்ட ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சி சேராது. பயிற்சி பத்து வருஷம் பயன்படுமே என்பீர்கள். பயன்படலாம். ஆனால் பயிற்சி பெற்றவர் நாளைக்கே ராஜினாமா கடிதம் நீட்டினால் கம்பெனியால் அவரைப் பிடித்துவைக்க முடியாதே!

(தொடரும்)